முப்பது வார் தூரம்

எனக்குத் தையல் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை ஆம்பூருக்கு அனுப்பியதே தையல் சொல்லிக்கொடுக்கத்தான். வேலூரில் ஆசிரியைப் பயிற்சி முடித்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. திரைக்குள் வாழும் கோஷாப் பெண்களின் வீடுகளுக்குப் போய் எழுத்து, கணக்கு, தையல் மூன்றும் கற்றுத்தர வேண்டும் என்று மிஷன்காரர்கள் உத்தரவு போட்டார்கள். முதல் இரண்டும் எனக்குக் கைவந்தவை. மூன்றாவதை ஆண்டவன் எனக்கு அளக்கும்போது கை நடுங்கியிருக்க வேண்டும்.

அந்த வீட்டுக்கு முதல் நாள் போனபோதே குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஊரில் பெரிய தோல் கம்பெனி ஒன்றின் முதலாளி வீடு அது. அவருடைய மனைவியை எல்லோரும் பீவிம்மா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நாற்பது வயது, நல்ல உயரம், சிரிப்பை அடக்கத் தெரியாத முகம். வீட்டாரோடு உருது, என்னோடு தமிழ். நான் மடித்துத் தைத்துக் காட்டிய கைக்குட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இதை நான் பிரிச்சுத் தெச்சுத் தரட்டா?"

பிரித்துத் தைத்தும் கொடுத்தார். மிஷனில் அந்தக் கைக்குட்டையை மெச்சினார்கள். நானும் மறுக்கவில்லை.

ஆகவே அந்த வீட்டில் தையல் ஒழிந்து படிப்பு மட்டும் மிஞ்சியது. வாரத்தில் இரண்டு மத்தியானம் போவேன். மற்ற வீடுகளில் நான் கேள்வி கேட்பேன், அவர்கள் தலையாட்டுவார்கள். பீவிம்மா வீட்டில் நேர்மாறு. அவர் கேட்பார், நான் விழிப்பேன். பதினாலு வயதில் வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அங்கே அவருடைய அப்பாவுக்கும் தோல் வேலைதான். காயப்போட்ட தோல்களுக்கு நடுவில் ஓடி விளையாடிய பெண், வந்த நாளிலிருந்து திரைகட்டிய வண்டியில்தான் வெளியே போயிருக்கிறார். இருபத்தாறு வருஷத்துக் கேள்விகள் அவரிடம் சேர்ந்து கிடந்தன. அவற்றுக்கு வடிகாலாக நான் போய்ச் சேர்ந்தேன். அந்த இரண்டு மத்தியானங்களுக்காகத்தான் நான் வாரத்தின் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டேன் என்பது உண்மை.

பூகோளப் பாடப்புத்தகத்தின் கடைசியில் சூரிய குடும்பத்தைப் பற்றி இரண்டே பக்கம் இருந்தது. ஒரு படம்: நடுவில் சூரியன், அதைச் சுற்றி எட்டு வட்டம், வட்டத்துக்கு ஒரு கிரகம். ஒன்பதாவது ஒன்றைக் கண்டுபிடித்தது அதற்கப்புறம். நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். பூமிக்கும் சூரியனுக்கும் ஒன்பது கோடியே முப்பது லட்சம் மைல். கடைக்கோடியில் இருக்கிற நெப்டியூனுக்கு இருநூற்று எழுபத்தொன்பது கோடி மைல்.

பீவிம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல எல்லாம் தட்டுல எலுமிச்சம் பழத்தை அடுக்குன மாதிரி பக்கத்துல பக்கத்துல இருக்குதே. நீங்க கோடிங்கிறீங்க. கோடின்னா எனக்கு வெறும் சத்தம்தான். அடிக் கணக்குல சொல்லுங்க. காலால நடந்து பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை நானே என் ஆசிரியையிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, மனப்பாடம் செய்தேன். வீட்டுக்கு வந்து சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் அழித்து அழித்து எழுதியதில் ஒரு வழி கிடைத்தது. சூரியனை ஒரு கமலா ஆரஞ்சு என்று வைத்துக்கொண்டால், பூமி ஒரு கசகசா. இரண்டுக்கும் நடுவே இருபத்தைந்து அடி. இந்த இருபத்தைந்து அடியை ஓர் அளவாக வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். செவ்வாய்க்கு ஒன்றரை அளவு. வியாழனுக்கு ஐந்தும் கொஞ்சமும். சனிக்கு ஒன்பதரை. யுரேனஸுக்குப் பத்தொன்பது. நெப்டியூனுக்கு முப்பது. அதாவது எழுநூற்றைம்பது அடி. அளவு எவ்வளவு நீளமாக இருந்தாலும் முப்பது முப்பதுதான் என்று அடுத்த பாடத்தில் பீவிம்மாவிடம் சொன்னேன்.

அவ்வளவு நீளமான இடம் எங்கே இருக்கிறது? வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் கம்பெனி மதிலுக்குள் போய்விடலாம். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகள், பதனிட ஆவாரம்பட்டை வைக்கும் கிடங்கு, தோல் காய்கிற வெளி எல்லாம் தாண்டினால் பாலாற்றுப் பக்கம் ஒரு கேட். கம்பெனிக் காவற்காரரை அடிக்கோல் வைத்து அளந்துவரச் சொன்னதில், கொல்லைக் கதவிலிருந்து அந்த கேட் வரை எழுநூற்று அறுபது அடி. நெப்டியூனை கேட்டுக்குப் பத்தடி உள்ளேயே வைத்துவிடலாம். சூரிய குடும்பம் ஒரு மதிலுக்குள் அடங்கியதில் எனக்கு ஏக சந்தோஷம்.

முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அவர் கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் என்னோடு பேசுவார். நல்ல மனிதர், ஆனால் ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவர்.

"வெள்ளிக்கிழமை கம்பெனி லீவு டீச்சரம்மா. நாங்க ஜும்மா தொழுகைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் உள்ள ஆம்பளைங்க யாரும் இருக்க மாட்டாங்க. தாராளமா நடங்க. ஆனா ஒண்ணு. ஆத்தங்கரை கேட்டைத் தாண்டி ஒரு கால் வெளிய போச்சுன்னா, அன்னியோட பாடம் நின்னுடும். அப்புறம் எனக்குப் பேஜார் குடுக்காதீங்க."

"ஒரு அடிகூட வெளியே போகாதுங்க" என்றேன். பத்தடி மிச்சம் இருக்கும் தைரியம்.

"அளக்கிறதுக்கு இன்னா வெச்சிருக்கீங்க?"

கயிறு என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல். தோல் முதலாளி வீட்டில் கயிற்றால் அளப்பதாவது! தானே வார் வெட்டித் தருவதாகச் சொன்னார். சொன்னபடியே வியாழக்கிழமை மத்தியானம் ஓர் எருமைத் தோலை விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வெட்டிக்கொண்டு போய், ஓர் ஒட்டுக்கூட இல்லாமல் இருபத்தைந்து அடிக்கு ஒரே வாராக எடுத்துக் கொடுத்தாராம். கைவேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆன மனிதர். மனைவிக்காக அன்று மறுபடியும் கத்தியைப் பிடித்தார் என்று அந்த வீட்டுச் சமையற்கார அம்மாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஆண்கள் புறப்பட்டுப் போனார்கள். காவற்காரர் முன்வாசலைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேர், நான், பீவிம்மா, சமையற்கார அம்மாள், கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினோம்.

ஒரு முக்காலியின் மேல் ஆரஞ்சுப் பழத்தை வைத்தோம். பீவிம்மா ஒரு துணிச் சுருளைப் பிரித்து வாரை எடுத்தார். கையில் வாங்கினேன். குளிர்ச்சியாக, மெத்தென்று இருந்தது. எனக்குத் தோல் என்றால் செருப்பு மட்டும்தான் தெரியும். நல்ல தோல் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கிரகத்தையும் வெள்ளைக் காகிதத்தில் கஞ்சிப் பசையால் ஒட்டி வைத்திருந்தேன். புதனுக்கும் செவ்வாய்க்கும் ரவைத் தூள். வெள்ளிக்கும் பூமிக்கும் கசகசா. வியாழனுக்கு ஒரு பட்டாணி. சனிக்கு அதைவிடச் சின்னப் பட்டாணி, இடுப்பில் தோல் சீவலை வளையமாகச் சுற்றியிருந்தேன். யுரேனஸும் நெப்டியூனும் கடுகு.

முதல் வாரை இழுத்துப் புதனையும் வெள்ளியையும் வழியிலேயே வைத்துவிட்டு, பூமியின் காகிதத்தைத் தரையில் வைத்து மேலே ஒரு சின்னக் கல்லை வைத்தேன். சமையற்கார அம்மாள் குனிந்து பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, நாம எல்லாரும் இந்தக் கசகசாவுலயா இருக்கோம்?"

"ஆமாம்."

"ஆம்பூரு?"

"அதுவும் இதில்தான்."

"ஜோலார்பேட்டை ஜங்ஷனு?"

"அதுவும்தான்."

"அப்ப நான் இத்தினி வருசமா குருமாவுல எத்தினி ஊரை அரைச்சுப் போட்டிருக்கேன்!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டதும் பீவிம்மா சிரித்த சிரிப்பில் கிடங்குக் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

செவ்வாய் வரைக்கும் விளையாட்டாக இருந்தது. அதற்குப் பின்தான் விஷயம் புரியத் தொடங்கியது. செவ்வாயை வைத்துவிட்டு வாரை இழுக்கிறோம், இழுக்கிறோம், ஒன்றுமே வரவில்லை. ஒரு முனையைப் பீவிம்மாவும் மறுமுனையைச் சமையற்கார அம்மாளும் பிடித்து விறைப்பாக இழுப்பார்கள். இரண்டு பேருக்கும் நல்ல கைப்பலம். நான் எண்ணிக்கொண்டே போவேன். சுண்ணாம்புக் குழிகள் முடிகிற இடத்தில்தான் வியாழன். பட்டைக் கிடங்கின் வாசலில் சனி. பிறகு தோல் காய்கிற வெளி முழுக்க வெறுமை.

"நடுவுல ஒண்ணுமே இல்லையா?" என்றார் பீவிம்மா.

"ஒண்ணுமே இல்லை."

"எவ்ளோ எடம்!" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு பெரிய வீட்டை முதன்முதலாகச் சுற்றிப் பார்க்கிறவர் சொல்கிற மாதிரி இருந்தது. நானும் அன்றைக்குத்தான் அந்த வெறுமையைப் பார்த்தேன். ஒப்பித்தவளுக்கும் நடந்தவளுக்கும் இருக்கிற வித்தியாசம் அது.

யுரேனஸை வைத்துவிட்டு மேலும் நடந்தோம். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. இருபத்தெட்டாவது வாரின் நுனி ஆற்றங்கரை கேட்டின் மரச்சட்டத்தில் போய் இடித்தது.

இன்னும் இரண்டு வார் பாக்கி. கேட்டுக்குப் பத்தடி உள்ளே நிற்க வேண்டிய நெப்டியூன் ஐம்பதடி வெளியே, ஆற்று மணலில் போய் விழுந்தது. மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. விரலை விட்டு எண்ணியதும் சரி.

"பரவாயில்லை பீவிம்மா, இங்கேயே வைத்துவிடலாம். ரெண்டு வார்தானே, கிட்டத்தட்டச் சரிதான்" என்றேன். அந்த வீட்டுப் பாடம் நின்றுபோய்விடுமோ என்ற பயத்தில், ஆசிரியை சொல்லக்கூடாத சொல்லை நான் சொன்னேன்.

பீவிம்மா கடுகு ஒட்டிய காகிதத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி நின்றார்.

"முப்பதுன்னு சொல்லிட்டு இருபத்தெட்டுல வெக்கிறதா? வேணாம். அவர் வரட்டும்."

அங்கேயே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். தாழ்ப்பாளைத் தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு கடுகுக்காகப் படிப்பைப் பணயம் வைக்கிறாரே!

முதலாளி தூரத்திலிருந்தே இருமிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமைக்கான தூய வெள்ளை உடுப்பு. பத்தடி தள்ளி நின்று, என்னைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சரம்மா, வானம் முடிஞ்சுதா?"

"இல்லீங்க. ரெண்டு வார் வெளியே போகுது."

"கணக்கு தப்பா?"

"கணக்கு சரி" என்று பீவிம்மா முந்திக்கொண்டார். "உங்க வார்தான் நீண்டுபோச்சு."

அவர் குனிந்து வாரை எடுத்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நகர்த்தினார். மடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். பீவிம்மா கையிலிருந்த கடுகை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரத்தோட வெட்டிட்டேன் போலிருக்குது" என்றார் முதலாளி கடைசியில். "ஈரத் தோலு, இழுக்க இழுக்க நீளும். என் தப்புதான்."

எனக்கு உயிர் வந்தது. "அப்படின்னா சுலபம்ங்க! வாரை இருபத்தைந்து அடிக்கு வெட்டிட்டு முதலிலிருந்து அளந்தா எல்லாம் உள்ளேயே வந்துடும்" என்றேன்.

"டீச்சரம்மா," என்றார் பீவிம்மா, "நீங்க அன்னிக்கு இன்னா சொன்னீங்க? அளவு எவ்ளோ நீளமா இருந்தாலும் முப்பது முப்பதுதான்னு சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்ப இந்த வாரை வெச்சே முதல்லேருந்து அளந்தாலும் கணக்கு சரிதானே?"

"சரிதான். ஆனா பழம்தான் கொஞ்சம் பெரிசா வேணும்."

"கூடையில பெரிய பழம் இருக்குது." அவர் கணவர் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "செவுத்துக்குத் தக்கின மாதிரி வானத்தை வெட்டணுமா, நீங்களே சொல்லுங்க."

சமையற்கார அம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார். முதலாளி கேட்டைப் பார்த்தார், அதற்கு அப்பால் பார்த்தார். கேட்டுக்கு வெளியே ஆற்று மணல் வரைக்கும் இரண்டு வரிசையாகக் கம்பங்கள் நட்டுக் கயிறு கட்டியிருக்கும். மற்ற நாட்களில் அவற்றில் தோல் காயும். லீவு நாளென்பதால் வெறுமையாக இருந்தன.

முதலாளி மேலங்கியின் கைகளை முழங்கை வரை சுருட்டிக்கொண்டார். காவற்காரரைக் கூப்பிட்டார்.

"தோல் கிடங்கைத் தொற. தோலை எடு."

எங்களைப் பட்டைக் கிடங்குக்குள் போயிருக்கச் சொன்னார். கதவிடுக்கு வழியாக நான் பார்த்தேன். ஊரில் பத்துப் பேர் எழுந்து நின்று சலாம் சொல்கிற மனிதர், ஜும்மா உடுப்போடு, தோளில் தோல் சுமந்துகொண்டு கேட்டுக்கும் அந்தத் தோல் கிடங்குக்குமாக நடந்தார். வெள்ளைச் சட்டை பழுப்பாகிவிட்டது. காவற்காரர் "மொதலாளி, வேணாம் மொதலாளி" என்று பின்னாலேயே ஓடினார். இரண்டு பக்கமும் தோலைத் தொங்கவிட்டு, கேட்டிலிருந்து மணல் வரைக்கும் ஒரு சந்தே உண்டாக்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் தோல் சுவர், மேலே ஆகாயம்.

பெரிய பழத்தை வைத்து, நீண்டுவிட்ட வாராலேயே எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தோம். கால்கள் கடுத்தன, ஒருவருக்கும் அலுப்பில்லை. பூமி ஓரடி நகர்ந்தது, சனி பட்டைக் கிடங்கின் வாசலை விட்டுத் தள்ளிப்போனது. வெயில் தாழ்ந்த நேரத்தில் மறுபடி கேட்டுக்கு வந்தோம். காவற்காரரை அனுப்பிவிட்டு, முதலாளி கேட்டைத் திறந்துவிட்டுத் தோல்களுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பீவிம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே கால் வைத்தார்.

இருபத்தொன்பது. முப்பது. சந்தின் கடைசியில் மணல் சுட்டும் சுடாமலும் இருந்தது. பீவிம்மா உட்கார்ந்து, நெப்டியூனை வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே மறைப்பே இல்லை. பாலாறு அகலமாகக் கிடந்தது, நடுவில் மெல்லிய ஓடை, அதற்கப்பால் மலைகள். ஆள் நடமாட்டம் இல்லை.

"இங்கேருந்து பாத்தா சூரியன் தெரியுமா?"

"தெரியும். ரொம்பப் பிரகாசமான ஒரு நட்சத்திரம் மாதிரி."

"சூடு?"

"வந்து சேராது."

"இருந்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்குது."

"இருக்குது. ஒரு சுற்றுக்கு நூற்று அறுபத்தைந்து வருஷம்."

"அடேயப்பா!" என்றார். அப்புறம் கைகளை விரித்துக்கொண்டு, காற்று முக்காட்டைத் தூக்கினால் தூக்கட்டும் என்று நின்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை.

தோலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆச்சா?"

"இன்னும் இல்ல" என்றார் பீவிம்மா.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "ஆச்சா?"

"இன்னும் இல்லீங்க. ரொம்ப தூரத்துல இருக்கேன்."

அந்தப் பக்கம் முதலாளி சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. நாங்களாக வரும்வரை தோல்களுக்கு நடுவில் காத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த பாடத்துக்குப் பயந்துகொண்டேதான் போனேன். காவற்காரர் வழக்கம்போலக் கதவைத் திறந்தார். பாடம் நிற்கவில்லை. உள்ளே பீவிம்மா சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என் மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"முதலாளி எப்படி ஈரத்தோடு வெட்டினார்? தோல் விஷயத்தில் மதராஸிலேயே அவருக்குப் பேர் உண்டு என்கிறார்களே?"

பீவிம்மா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னருகில் சாய்ந்தார்.

"அவர் நல்லாக் காஞ்ச தோல்லதான் வெட்டினாரு. நான்தான் அன்னிக்கு ராத்திரி வாரைத் தண்ணித் தொட்டியில போட்டு வெச்சேன். விடிஞ்சதும் எடுத்துத் துடைச்சுத் துணியில சுருட்டிட்டேன்."

நான் வாயைப் பிளந்தேன். "ஐயோ, அவருக்குத் தெரிந்திருந்தால்?"

"விரலால தொட்டுப் பாத்தாரே, நீங்க பாக்கல? அவருக்குத் தெரியாத தோலா?"

"அப்படியானால் ஏன் தன் தப்பு என்று சொன்னார்?"

நாற்பது வயதுப் பீவிம்மாவின் முகம் காதுவரை சிவந்தது. சிலேட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"பாடத்தை ஆரம்பிங்க டீச்சரம்மா, நேரமாவுது" என்றார்.